ரெண்டரை வயதுக் குழந்தையோடு பெர்லினில், திட்டம் எதுவும் இல்லாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவருக்கு அலுவலக வேலையாக ஒரு ஜூன் மாதம் பெர்லினில் 24 நாள் இருக்க வேண்டி வந்தது. நானும் மகளும் கூடப் போனோம். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. காலை எட்டரைக்கு அவர் கிளம்பிவிட்டால் மாலை ஆறு மணி வரை அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான். திரும்பி வந்ததிலிருந்து, சின்னக் குழந்தை வைத்திருக்கும் தோழிகள், சித்தி மகள், மாடி வீட்டுத் தம்பதி என்று யாராவது கூப்பிட்டு இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை, அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

"ரெண்டரை வயசுல அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? கொஞ்சம் பெரிசானதும் போகலாமே?"

ஞாபகம் இருக்காதுதான். இன்று நாம் ஊட்டும் பருப்புச் சோறும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கப் போவதில்லை, அதற்காக ஊட்டாமல் விடுகிறோமா? அந்த 24 நாளில் என் மகள் சறுக்குமரத்தில் தானாக ஏறக் கற்றுக்கொண்டாள், டிராம் மணிச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது போதும். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது.

செலவுக் கணக்கும் பார்க்க வேண்டும். இரண்டு வயது முடிந்துவிட்டால் விமானத்தில் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். ஆனால் 6 வயது ஆகும் வரை விசாக் கட்டணமும் இல்லை, பெர்லினில் பஸ், ரயில் டிக்கெட்டும் இல்லை.

"பிளானே இல்லைன்னா, நிஜமாவே எதுவும் புக் பண்ணாமலா போனீங்க?"

இல்லை. போக வர விமான டிக்கெட், தங்க ஒரே வீடு, காப்பீடு மூன்றும் உறுதியாக இருந்தன. வீடு மாறவே இல்லை. திட்டம் இல்லை என்று நான் சொல்வது பகல் பொழுதை மட்டும்தான்.

முதல் மூன்று நாளுக்கு என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஓர் அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்து டிக்கெட் எடுத்திருந்தேன். வழியில் ஒரு படிக்கட்டைக் கண்டதும் அவள் ஏறி இறங்க ஆரம்பித்தாள். நான் மணியைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் அழுதாள், நான் கத்தினேன். உள்ளே போய்ப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தோம். அன்று அவள் செய்த தவறு ஒன்றுமே இல்லை. அவளைத் திட்ட வைத்தது அந்த டிக்கெட்தான். அன்று இரவே பட்டியலை எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் ஒரே விதி: ஒரு நாளைக்கு ஒரு திசை. போகிற வழியில் எது கிடைக்கிறதோ அதுவே அன்றைய ஊர்.

"விசாவுக்குத் தினசரி பயணத் திட்டம் கேக்கறாங்களே, அப்ப என்ன பண்றது?"

ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இவை மூன்றும் மேலே சொன்னபடி எங்களிடம் இருந்தன. பயணத் திட்டத்தில் எல்லா நாளும் பெர்லின், ஒரே முகவரி என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். செவ்வாய் காலை பூங்காவா கோபுரமா என்று யாரும் கேட்கவில்லை.

பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் இப்போது 90 யூரோ. குழந்தைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனியாக இருக்கும். 12 வயதுக்குக் கீழே கைரேகை வேண்டாம். அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.

"சென்டர்லயே தங்கிட்டா ஈஸி இல்லையா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்கிய இடங்களைச் சுற்றி ஹோட்டல்களும் அலுவலகங்களும்தான் அதிகம். குழந்தைக்குத் தேவை காலையில் வாசலை விட்டு இறங்கினால் விளையாட மணல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் தங்கினோம். பழைய கிழக்கு பெர்லின். எந்தத் தெருவில் திரும்பினாலும் குழந்தைகள், தள்ளுவண்டிகள், விளையாட்டுத் திடல்கள். பெர்லின் முழுக்க 1,800-க்கும் மேற்பட்ட பொது விளையாட்டுத் திடல்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. பல இடங்களில் கையால் அடிக்கும் தண்ணீர் பம்பு உண்டு. நம் ஊர் அடிபம்பு மாதிரியேதான், பிடி மட்டும் குழந்தை உயரத்தில்.

வீடு எடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: லிஃப்ட் உண்டா? அங்குள்ள பழைய கட்டடங்கள் நான்கைந்து மாடி இருக்கும், பலவற்றில் லிஃப்ட் இருக்காது. தூங்கும் குழந்தை, தள்ளுவண்டி, மளிகைப் பை மூன்றையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏற முடியாது. சமையலறை இருந்தே ஆக வேண்டும்.

"நேர வித்தியாசத்துல குழந்தை தூங்குமா?"

கோடையில் பெர்லின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே எட்டு மணிக்கு எழும் குழந்தை அங்கே நாலரைக்கு எழுந்து உட்காரும். ஜூனில் அந்த நேரத்துக்கெல்லாம் விடிந்துவிடும், அதனால் திரும்பத் தூங்க வைக்கப் போராட வேண்டாம்.

முதல் வாரம் ஆறு மணிக்கே நாங்கள் மூன்று பேரும் தெருவில் இருந்தோம். ஒருநாள் அப்படியே டிராம் பிடித்துப் போய் பிராண்டன்பர்க் வாயிலைப் பார்த்தோம். 1791-இல் கட்டி முடித்த வாயில். பகலில் அங்கே நிற்க இடமிருக்காது. அந்தக் காலையில் தெரு கூட்டும் வண்டியும் நாங்களும்தான். மகள் தூண்களுக்கு நடுவே ஓடிக் கத்தி, எதிரொலி வருகிறதா என்று பார்த்தாள். ஒரு வாரத்தில் தூக்கம் தானாகச் சரியாகிவிட்டது, எனக்குத்தான் அந்தக் காலைகள் முடிந்ததில் வருத்தம்.

"சும்மா ஒரு நாள் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்களேன், அப்பதான் புரியும்."

ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழரைக்கு முக்குக் கடையில் ரொட்டி வாங்கினோம். அடுத்த தெருவில் குழாய் பதிக்க ஒரு ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. அங்கேயே முக்கால் மணி நேரம். நான் நடைபாதையில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் பால்கனிகளைப் பார்த்தேன், அவள் மண் விழுவதை எண்ணினாள். ஜேசிபிக்காரர் சாப்பிடப் போனதும் கிளம்பி எம்2 டிராமில் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போய், 100-ஆம் எண் மாடி பஸ்ஸில் ஏறினோம்.

அந்த பஸ் சாதாரண டவுன் பஸ்தான். பெர்லின் சுவர் விழுந்த மறு ஆண்டு, 1990-இல், கிழக்கையும் மேற்கையும் இணைக்க விட்ட தடம். அருங்காட்சியகத் தீவு, உன்டர் டென் லிண்டன் சாலை, நாடாளுமன்றம், வெற்றித் தூண், மிருகக்காட்சி சாலை என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். கடைசி வரை போகலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு மூன்று நிறுத்தத்துக்குள் ஜன்னலில் நீரூற்றைப் பார்த்துவிட்டாள். இறங்கினோம். பெரிய தேவாலயத்துக்கும் பழைய அருங்காட்சியகத்துக்கும் முன்னால் இருக்கும் லுஸ்ட்கார்டன் புல்வெளி அது. அங்கேயே சாப்பாடு, அங்கேயே இரண்டு மணி நேரம். அப்புறம் தூக்கம், வீட்டருகே மணல், சமையல். அன்று நாங்கள் "பார்த்தது" ஒரு ஜேசிபியும் ஒரு நீரூற்றும். நல்ல நாள்.

"தள்ளுவண்டி தேவையா? எங்க புள்ள இடுப்பை விட்டே இறங்காது."

தேவை. அங்கே ஒரு நாளில் நடக்கும் தூரத்துக்கு இடுப்பு தாங்காது. தூக்கமும் அதில்தான். மடக்கக்கூடிய இலகுவான வண்டியாக இருக்கட்டும், ஆனால் சக்கரம் மிகச் சின்னதாக இருந்தால் நடைபாதையில் சிக்கும். நடைபாதையின் நடுவில் பெரிய கருங்கல் பலகை, இரு ஓரமும் சின்னச் சின்னச் சதுரக் கல். நடுவில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பஸ்ஸிலும் டிராமிலும் தள்ளுவண்டிக்கென்று இடம் உண்டு. சுரங்க ரயிலில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இல்லை, இருப்பதும் சில நாள் ஓடாது. ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்றேன். யாரோ ஒரு இளைஞர் ஒன்றும் பேசாமல் முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி, மேலே வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு கவனித்தேன், அங்கே இது வழக்கம். அதற்காக அதை நம்பி இறங்காதீர்கள். முடிந்தவரை டிராம், பஸ்.

"டிக்கெட் விஷயம் ரொம்பக் குழப்பமாமே?"

குழந்தைக்கும் தள்ளுவண்டிக்கும் டிக்கெட் இல்லை, அதில் குழப்பமே இல்லை. பெரியவர்களுக்கு ஏ, பி, சி என்று மூன்று வட்டம். ஊருக்குள் ஏபி போதும். விமான நிலையம் சி வட்டத்தில் இருக்கிறது, அன்றைக்கு மட்டும் ஏபிசி.

ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில்தான். போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்பி வரக் கூடாது. எங்களைப் போல நினைத்த இடத்தில் இறங்கி ஏறுபவர்களுக்கு 24 மணி நேர டிக்கெட் அல்லது அதைவிட நீண்ட சீட்டுதான் சரி. நிலையத்தில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை, நேராக நடைமேடைக்குப் போய்விடலாம். அதனாலேயே பலர் மாட்டுகிறார்கள். காகித டிக்கெட்டை வாங்கியதும் அங்குள்ள சின்னப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான். அபராதம் 60 யூரோ.

"மத்தியானத் தூக்கத்துக்கு வீட்டுக்குத் திரும்பியாகணுமா?"

நான் கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெர்லினைச் சுற்றி ஒரு வட்ட ரயில் ஓடுகிறது. எஸ்41 கடிகாரச் சுற்றில், எஸ்42 எதிர்ச் சுற்றில். முழு வட்டம் 37 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது ஏறினால் இரண்டாவது நிலையத்தில் தூங்கிவிடுவாள். எனக்கு ஜன்னலோரம், ஒரு மணி நேரம், என்னை யாரும் கூப்பிடாத நேரம். ரயிலும் வெளிச்சமான மேல்பாதையில்தான் பெரும்பாலும் போகிறது. தெற்கே டெம்பல்ஹோஃப் பக்கம் வரும்போது பழைய விமான நிலையத்தின் வெட்டவெளி நீளமாகத் தெரியும். ஏறிய இடத்துக்கே வந்து இறங்குவதால் இதற்கு ஒற்றை டிக்கெட் ஆகாது. முந்தைய பதிலைப் பாருங்கள். காலை, மாலை அலுவலக நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், வண்டி வைக்க இடம் கிடைக்காது.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க? ரசம் சாதம் இல்லாம இவன் ஒரு நாள் தாங்க மாட்டான்."

எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் "மில்ஷ்ரைஸ்" என்று ஒரு குட்டை அரிசி கிடைக்கும். அவர்கள் பால் பாயசம் மாதிரி ஒன்று செய்யும் அரிசி. நன்றாகக் குழையும், குழந்தைச் சோற்றுக்கு பாஸ்மதியைவிட மேல். மைசூர் பருப்பு "ரோட்டே லின்ஸன்" என்ற பெயரில் இருக்கும். தயிருக்கு "நாட்டூர்யோகுர்ட்", அதில்தான் சர்க்கரை கிடையாது. கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெண்டைக்காய்க்குத் துருக்கிக் கடைகள். ரசப்பொடி மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போனேன்.

நெய்யை எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருட்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டு வரக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடங்கும். பிரிக்காத குழந்தைப் பால்பவுடருக்கு மட்டும் குறிப்பிட்ட அளவு வரை விலக்கு உண்டு. அங்கேயே "புட்டர்ஷ்மால்ட்ஸ்" கேளுங்கள், உருக்கிய வெண்ணெய்தான், வாசனையில் கொஞ்சம் குறையும்.

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். கடையில் வாங்கினால் வாயு அடைத்த தண்ணீர் கைக்கு வந்துவிடும். ஒரு மடக்குக் குடித்துவிட்டு மகள் முகத்தைச் சுளித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும். அதில் பாட்டில் போடுவது எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த வாரத்தின் பெரிய வேலை.

"டயப்பர் மாத்த இடம் கிடைக்குமா?"

டிஎம் என்ற கடை எல்லாப் பகுதியிலும் உண்டு. பல கிளைகளில் டயப்பர் மாற்றும் மேசை இருக்கும், அங்கேயே டயப்பரும் ஈரத் துடைப்பானும் இலவசமாக வைத்திருப்பார்கள். அருங்காட்சியகங்கள், பெரிய கடைகளிலும் பிரச்சினை இல்லை. டயப்பர் விட்ட குழந்தை என்றால் மடக்கக்கூடிய குழந்தைக் கழிப்பிருக்கை ஒன்று வண்டியின் அடியில் கிடக்கட்டும்.

"மழை பேஞ்சா நாள் வீண்தானே?"

அங்குள்ள குழந்தைகளுக்கு மழை ஒரு காரணமே இல்லை. "மாட்ஷ்ஹோஸ" என்று ரப்பர் மாதிரியான கால்சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு சேற்றில் இறக்கி விடுகிறார்கள். நாங்களும் பழைய துணிக் கடையில் ஒன்று வாங்கினோம்.

கொட்டும் மழை என்றால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததுமே 13 மீட்டருக்கும் மேல் உயரமான டைனோசர் எலும்புக்கூடு நிற்கிறது, உலகில் நிறுத்தி வைத்திருப்பவற்றில் மிக உயரமானது. 1909 முதல் 1913 வரை, இன்றைய தான்சானியா ஜெர்மானியரின் காலனியாக இருந்தபோது, அங்கிருந்து தோண்டிக் கொண்டுவந்த எலும்புகள். பெரியவள் ஆனதும் மகளிடம் அந்தப் பகுதியையும் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் தொழில்நுட்ப அருங்காட்சியகம் போனோம். நிஜமான பழைய ரயில் எஞ்சின்கள் நிற்கும் கொட்டகையில் பாதி நாள் ஓடிவிட்டது. இரண்டுக்கும் திங்கள் விடுமுறை.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் பூட்டியிருக்குமாமே?"

கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமையே பாலும் பழமும் வாங்கிவிடுங்கள். மறந்துபோனால் ஹவுப்ட்பான்ஹோஃப் எனும் மத்திய ரயில் நிலையத்துக்குள் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும்.

ஞாயிறுகளில் நாங்கள் மூன்று பேரும் தண்ணீர் தேடிப் போனோம். வான்சே ஏரியிலிருந்து கிளாடோ கிராமத்துக்கு எஃப்10 என்று ஒரு படகு. இருபது நிமிடப் பயணம், பஸ் டிக்கெட்டே செல்லும். ஏரியில் படகு சவாரி என்று தனியாகப் பணம் கொடுக்கும் முன் இதில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

"அவ்ளோ தூரம் போயிட்டு முக்கியமான இடங்களை விட்டுட்டோமேன்னு வருத்தமா இல்லையா?"

நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்க்கவில்லை. இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும். பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து சீரமைப்புக்காக மூடியிருக்கிறது, அதை யாராலும் பார்க்க முடியாது. கொஞ்சம் வருத்தம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த வருத்தம் போன இடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டருகே கோல்விட்ஸ் சதுக்கம். நடுவில் ஒரு வயதான பெண்ணின் பெரிய வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் அவள் மடியில் ஏறி விளையாடுவார்கள், யாரும் தடுப்பதில்லை. என் மகளும் தினம் ஏறினாள், "பாட்டி" என்றுதான் சொல்வாள். சிலையில் இருப்பவர் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியர், அந்தப் பகுதியில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் என்ற அளவில் எனக்குத் தெரியும். மூன்றாவது வாரத்தில் 100-ஆம் எண் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது, வெயிலுக்கு ஒதுங்க ஒரு தூண் வைத்த கட்டடத்துக்குள் போனோம். வெறும் ஹால். கூரையில் வட்டமாக ஒரு திறப்பு, அதன் நேர் கீழே ஒரே ஒரு சிற்பம்: இறந்த மகனைத் தன் உடம்புக்குள் பொத்தி வைத்திருக்கும் தாய். மழையும் பனியும் அவள்மேல் விழட்டும் என்றே கூரையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். நோய வாக்கெ என்ற நினைவிடம் அது. செய்தது அதே கோல்விட்ஸ். 1914-இல் போருக்குப் போன அவருடைய இரண்டாவது மகன் திரும்பவில்லை. அவர் செய்த சின்னச் சிற்பத்தைப் பெரிதாக்கி 1993-இல் அங்கே வைத்தார்கள். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் சதுக்கத்தில் அவள் அந்த மடியில் ஏறியபோது என்னால் பேச முடியவில்லை.

பட்டியல் போட்டிருந்தால் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டேன்.

"நடுரோட்ல விழுந்து புரண்டு அழுதா என்ன பண்ணுவீங்க? எல்லாரும் முறைப்பாங்களே?"

முறைக்க மாட்டார்கள், பெரும்பாலும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். நம் ஊரில் பஸ்ஸில் குழந்தை அழுதால் நாலு பேர் கை நீட்டுவார்கள். அங்கே கேட்காமல் யாரும் குழந்தையைத் தொடுவதில்லை. அது பாசக் குறைவு இல்லை, அவர்கள் மரியாதை அப்படி. டிராமில் அழுதால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். 24 மணி நேர டிக்கெட் இருப்பதால் எங்கே இறங்கினாலும் நஷ்டம் இல்லை.

அங்குள்ளவர்கள் சத்தமாகக் கண்டிப்பது ஒரே விஷயத்துக்குத்தான்: சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தால். ஒரு வண்டி வராவிட்டாலும் நில்லுங்கள், முக்கியமாகக் குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது. விளக்கில் தொப்பி போட்ட பச்சை மனிதன் வரும் வரை காத்திருப்பது மகளுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சாலையைவிட எனக்குப் பயம் சைக்கிள் பாதை. பல இடங்களில் நடைபாதையிலேயே வேறு நிறக் கல்லில் ஒரு பட்டை போகும், அதில் வேகமாக வருவார்கள். குழந்தையை எப்போதும் கட்டடத்துப் பக்கம் நடக்க விடுங்கள்.

"உடம்புக்கு முடியலன்னா?"

அவசரத்துக்கு 112. இரவிலோ விடுமுறையிலோ அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117. பாராசிட்டமால்கூட அங்கே மருந்துக் கடையில் மட்டும்தான் கிடைக்கும். சிவப்பு நிறத்தில் பெரிய ஏ எழுத்து இருக்கும் கடை. ஞாயிறன்று முறை வைத்து ஒன்றிரண்டுதான் திறப்பார்கள். அதனால் உங்கள் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, அளவு எழுதிய சீட்டோடு பையில் இருக்கட்டும்.

"மாமியாரையும் கூட்டிட்டுப் போறோம். அவங்களுக்குப் பிளான் இல்லாம சரிப்படுமா?"

அத்தைக்கு ஊர் பார்க்கும் ஆசை இருக்கும், அது நியாயம். அவரை மணல் ஓரத்தில் உட்கார வைத்தே நாட்களை ஓட்டக் கூடாது. அவர் கேட்கும் இடங்களுக்குக் குழந்தையின் அப்பாவோ அம்மாவோ ஒருவர் கூடப் போகட்டும், மற்றவர் குழந்தையோடு இருக்கட்டும். மத்தியானம் எங்காவது சேர்ந்து சாப்பிடலாம். முழங்கால் வலி உள்ளவருக்கும் தள்ளுவண்டிக்கும் தேவை ஒன்றுதான், அதனால் மேலே சொன்ன டிராம், மாடி பஸ், வட்ட ரயில், படகு எல்லாம் அவருக்கும் ஒத்துவரும்.

"இதே மாதிரி பாரிஸ், வெனிஸ்லயும் சுத்தலாமா?"

ஊருக்கு ஊர் மாறும். வியன்னாவில் எல்லாச் சுரங்க ரயில் நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு, பெர்லினைவிடச் சுலபம். பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலும் படிக்கட்டுதான், அங்கே பஸ்ஸையே நம்புங்கள். வெனிஸில் நாலடிக்கு ஒரு பாலம், பாலத்துக்கெல்லாம் படி. அங்கே தள்ளுவண்டியை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளை கேட்கிறபடி இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.